மேடம் சொன்ன லோடு

ஆதிகேசவன் அரிசி குடோன்ல லோடு ஏத்துற ஆளு. பெங்களூர் ஈஜிபுரா லைன் வீட்ல எனக்குப் பக்கத்து ரூம். அவருக்குக் குதிகாலுக்கு மேல ரொம்ப நாளா வலி. காலைல எழுந்து முதல் அடி வைக்கும்போது அவர் போடுற சத்தத்துலதான் நான் முழிப்பேன்.

பார்த்த டாக்டருங்க எல்லாம் மூட்டை தூக்காதே, வேற வேலை பாருன்னுட்டாங்க. வேற வேலை அவருக்குத் தெரியாது.

அவர் பொண்டாட்டி யசோதா ஒரு சின்ன ஆஸ்பத்திரியில பெருக்குறவங்க. ரெண்டாயிரத்து மூணுல அங்க மமதான்னு ஒரு பிசியோ மேடம் புதுசா வந்தாங்க. கன்னடக்காரங்க, தமிழ் அரைகுறை.

"சும்மா படுத்தா ஆகல்ல, அண்ணா. கெண்டைச் சதையையும் குதிகாலையும் கட்டுற நார் இருக்கில்ல, வேலை குடுத்தாதான் அது கெட்டியாகும். படியில நின்னு குதிகாலை மெல்ல இறக்குங்க. சதை சீக்கிரம் தேறிடும். நார் மெதுவு, மாசக்கணக்காகும். கொஞ்சம் கொஞ்சமா லோடு ஏத்துங்க."

படி, நார் எதுவும் அவர் காதுல தங்கலை. கடைசி வார்த்தை தங்கிடுச்சு.

"யசோதா, கேட்டியா? டாக்டரே லோடு ஏத்தச் சொல்லிட்டாங்க!"

"இருய்யா, அந்தம்மா வேற என்னவோ சொல்லுச்சு. நாளைக்கு நான் திரும்பக் கேக்கறேன்."

"கேளு, கேளு. உனக்கு நான் படுத்தே கெடக்கணும்."

விடிஞ்சதும் அவங்க கேக்கறதுக்குள்ள குடோனுக்குப் போயிட்டார். மேஸ்திரி நாகேஷ் சிரிச்சான்.

"என்ன குரு, மூட்டையையே மருந்தா எழுதிட்டாங்களா? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, இந்தத் தொப்பை கரையட்டும்."

"சிரி, சிரி. என் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடாத, அது போதும்."

மேடம் சொன்ன மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தினார். முதல்ல அரை மூட்டை, அப்புறம் முழுசு. யசோதா வேணாம்னு சொல்லியும் நிறுத்தலை. சதை தெம்பா இருந்துச்சு. ஒரு நாள் மூட்டையோட லாரிப் பலகையில ஏறும்போது பட்டுன்னு ஒரு சத்தம். யாரோ பின்னாலேர்ந்து காலை உதைச்ச மாதிரி விழுந்தார்.

"எவன்டா உதைச்சது? நாகேஷா?"

பின்னால யாருமே இல்ல.

மமதா மேடம் கெண்டையை அமுக்கிப் பார்த்தாங்க. பாதம் அசையலை. நார் அறுந்துடுச்சு.

"நான் சொன்ன லோடு உங்க உடம்பு வெயிட்டு அண்ணா..." கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"அழாதீங்க மேடம். எங்களுக்கு லோடுன்னா மூட்டைதான்."

ஆபரேஷன் முடிஞ்சு கட்டைப் பிரிச்சாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நாகேஷ் ஆரஞ்சுப் பழத்தோட வந்தான். வேற ஆள் போட்டாச்சுன்னு சொன்னான். யசோதா வச்ச டீயைக் குடிக்காமலே போயிட்டான்.

அப்புறமும் தினம் காலைல வாசல்ல யசோதா தோளைப் பிடிச்சுக்கிட்டு, நல்ல காலைத் தூக்கிட்டு, அறுந்த கால்ல எம்பிப் பார்ப்பார். குனிஞ்சு மட்டும் பார்க்க மாட்டார். நான் பார்த்த அன்னைக்கும் குதிகால் தரையை விட்டு எழும்பலை. குடத்தோட நான் நின்னுட்டிருந்தேன்.

"ஏறிச்சா?"

"கொஞ்சம்."

"நெஜமா?"

யசோதா என்னைப் பார்த்தாங்க. "அண்ணனைக் கேளுய்யா."

ஏறிச்சுன்னேன்.