ஜம்ப் லேட்டு

"கைய எடுண்ணா! எடுன்றேன்ல!"

தினேஷ் பாய்ந்த வேகத்தில் டீ கிளாஸ் தரையில் உருண்டது. லேப்டாப் திரையில், 'இந்த வீடியோவை நிரந்தரமாக அழிக்கவா?' என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்ற கட்டத்தின் மேல் அண்ணன் சிவராஜின் விரல். விரலைப் பிடிக்க நேரமில்லை. தோளால் முட்டி அண்ணனை நாற்காலியோடு தள்ளிவிட்டான் தினேஷ்.

"எதுக்கு அழிக்கிற?"

"இடத்த அடைச்சுக்கினு இருக்குதுபா. வெறும் கை வீடியோ. அத எவன் பாக்கப்போறான்?"

எவன் பார்ப்பானா? ஒன்றேகால் லட்சம் பேர் பார்க்கிறார்கள். பிள்ளையார்பாளையத்து நெசவாளிகள் இரண்டு பேர் வெள்ளிக்கிழமை தோறும் வீடியோ கேம் ஆடி, அது எப்படி இருக்கிறது என்று சொல்லும் 'கோர்வை கேமர்ஸ்' சேனலுக்கு அந்தக் கைகள்தான் முகவரி. ஒரு கேமரா திரையைப் பிடிக்கும். இன்னொன்று நான்கு கைகளை மட்டும்.

உடலையும் கரையையும் தனித்தனி நூலில் ஓட்டிக் கோர்க்கிற கோர்வைச் சேலை ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. குறுக்கு நூலை இழுத்துப் போகிற நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. தறியில் அண்ணன் நடுவில் உட்கார்ந்து உடலை ஓட்டுவான். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை விடுவான். சிவராஜ் "ம்" என்றால் இரண்டு கையும் ஒன்றாகப் போகும். பதினோரு வருஷப் பழக்கம். கேமிலும் அதே "ம்" தான்.

நான்கு வருஷத்துக்கு முன் 'பூந்திக் காடு' வந்தபோது இந்தப் பழக்கம்தான் அவர்களை ஊரறியச் செய்தது. அண்ணனுக்கு மஞ்சள் பூந்தி, தம்பிக்குச் சிவப்புப் பூந்தி. இரண்டையும் சர்க்கரைப் பாகின் நூல் ஒன்று கட்டியிருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாவினால் பள்ளத்தைத் தாண்டலாம். ஒருத்தர் பிந்தினால் நூல் இழுத்து இரண்டும் பாகுத் தொட்டியில் பொத்தென்று விழும். சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த விளையாட்டு. இவர்கள் இருவரும் ஒருமுறைகூட விழாமல் கடைசிவரை போனார்கள்.

இன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு இரண்டாம் பாகம் வெளியாகிறது. இவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பியிருந்தார்கள். இப்போது மணி நாலு பத்து.

தினேஷ் தன் கருத்தை எழுதி வைத்துவிட்டான். ஜாங்கிரிச் சக்கரம் சுற்றுகிற அழகு, முறுக்கு ஏணி, மழை பெய்தால் காடு முழுக்க நிறம் மாறுகிற வேலைப்பாடு... எல்லாம் பிரமாதம். ஆனால், ஜம்ப் லேட்டு. பொத்தானை அழுத்தினால் சிவப்புப் பூந்தி யோசித்துத்தான் தாவுகிறது. இரண்டு நாளில் அறுபது தடவையாவது தொட்டியில் விழுந்தாயிற்று. கன்ட்ரோலரை மாற்றினான், ஒயரை மாற்றினான், அண்ணனோடு இடம் மாறி உட்கார்ந்தான். அப்புறமும் விழுந்தான்.

"காசுக்காகச் செஞ்ச மாதிரி இருக்குதுண்ணா இந்த ரெண்டாம் பாகம். 'வாங்காதீங்க'ன்னு போட்டுடவா?"

"போட்டுடு. ஜம்ப் லேட்டுதான்."

அங்கேதான் தினேஷுக்கு உறுத்தியது. சிவராஜ் எந்த விளையாட்டையும் லேசில் திட்டமாட்டான். எட்டுப் பேர் ராப்பகலாய் உட்கார்ந்து செய்திருப்பாங்க, நீ ஒத்த வார்த்தையில கவுக்காதே என்று சண்டை போடுகிறவன். அந்த ஆள் இன்றைக்கு உடனே தலையாட்டுகிறான். கை வீடியோவை அழிக்கவும் பார்க்கிறான்.

போன் அடித்தது. சென்னையிலிருந்து சுகாசினி. விளையாட்டைச் செய்த எட்டுப் பேரில் ஒருத்தி.

"தினேஷ் அண்ணா, நீங்க அனுப்பின மெசேஜ் பார்த்தேன். ஜம்ப் லேட்டுன்னு சொல்லப்போறீங்களாமே?"

"ஆமாம்மா. பொய் சொல்ல முடியாது."

"பொய் சொல்ல வேணாம். அழுத்தினதும் ரெண்டே ஃபிரேம்ல தாவணும், நாங்க அப்படித்தான் கட்டியிருக்கோம். உங்ககிட்டதான் கை வீடியோ இருக்குமே, எண்ணிப் பாருங்க. அதிகமா இருந்தா தாராளமா சொல்லுங்க, தலைகுனிஞ்சு கேட்டுக்கறோம்." ஒரு கணம் நிறுத்தினாள். "உங்க வார்த்தையக் கேட்டுத்தாண்ணா முதல் பாகத்தை ஜனங்க வாங்கினாங்க. இதையும் அப்படித்தான்."

"கால் மணி நேரம் குடும்மா."

சிவராஜ் எழுந்து வந்தான். "அதெல்லாம் எதுக்குடா? நேரமாச்சு. லேட்டுன்னு சொல்லிட்டு வேலையப் பாரு."

"நீ ஏண்ணா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உன் கைதான் சொதப்புதுன்னு பயமா?"

சிவராஜ் குனிந்து, உருண்டு கிடந்த டீ கிளாஸை எடுத்தான்.

கை வீடியோவையும் திரை வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நொடியை அறுபது ஃபிரேமாகத் துண்டாக்கி, ஒவ்வொன்றாக நகர்த்தினான் தினேஷ். அண்ணனின் "ம்" ஒலிக்கிற இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு... பதிமூன்றில் சிவராஜின் கட்டைவிரல் பொத்தானில் இறங்கியது. பதினைந்தில் மஞ்சள் பூந்தி தாவியது. ரெண்டே ஃபிரேம். சரிதான்.

இப்போது தன் விரல்.

பதினைந்து. இருபது. முப்பது. விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நாற்பத்தொன்றில் இறங்கியது. நாற்பத்து மூன்றில் சிவப்புப் பூந்தி தாவியது.

அதே ரெண்டு ஃபிரேம்.

எண்ணியதில் தப்பு இருக்கும் என்று வேறு பள்ளத்துக்குப் போனான். முப்பத்தெட்டு. இன்னொன்று. நாற்பத்து நாலு. நான்கு வருஷத்துக்கு முந்தைய வீடியோவைத் திறந்தான். அண்ணன் கை பதிமூன்று. தன் கை பதிமூன்று. நான்கு கைகளும் ஒரே ஆளின் கைகள் மாதிரி.

விளையாட்டு பிந்தவில்லை.

வெளியே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. மணி நாலு ஐம்பது. தினேஷ் மைக்கை எடுத்தான். எழுதி வைத்ததைத் தள்ளிவிட்டுப் பேசினான்.

"வணக்கம் மக்களே. பூந்திக் காடு ரெண்டாம் பாகம். வீட்ல அப்பா, அம்மா, புள்ளைங்க எல்லாம் உக்காந்து ஆடலாம். விழுந்தாலும் சிரிச்சுக்கினே எழுந்துக்கற விளையாட்டு. முதல் பாகத்தைவிட நல்லா இருக்குது. ஜம்ப்..." இருமிவிட்டுச் சொன்னான். "ஜம்ப் கரெக்டா இருக்குது. நாங்க விழுந்தது எங்க தப்பு."

ஏற்றிவிட்டான். சுகாசினியிடமிருந்து உடனே கும்பிடு போடுகிற படம் ஒன்று வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தான்.

வலது கையை விரித்து மடக்கிப் பார்த்தான். மடங்கியது. வலியில்லை, நடுக்கமில்லை. சிரிக்க முயன்றான்.

"டென்ஷன்தான்ணா. கேமரா முன்னாடி உக்காந்தா அப்படித்தான். கையில கோளாறுன்னா தறியில தெரிஞ்சிருக்கும்ல? காலைலகூட அரை முழம் ஓட்டினோம். ஒரு இழை தப்பல. கரையும் உடலும் சேர்ற இடத்துல ஒரு பிசிறு காட்டு பாக்கலாம்!"

சிவராஜ் தம்பியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

"சொல்லுண்ணா. தறியில நான் லேட்டா? உண்மையச் சொன்னா நீதான் இப்பல்லாம் மெதுவாப் போற. உனக்காக நான் பொறுத்துக்கினு போறேன்."

சிவராஜ் வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"முன்னல்லாம் 'ம்'னு சொல்லி என் நாடாவ விட்டதுமே, இழைய நெருக்கற பலகைய அடிப்பேன்டா. உன் நாடா வந்துச்சான்னு திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன். வந்திருக்கும்."

"இப்ப?"

"இப்ப திரும்பிப் பாத்துட்டுத்தான் அடிக்கறேன். கேமுக்கு நிக்கத் தெரியல, தினேஷு. நான் சித்திரையிலேர்ந்து ஒவ்வொரு இழைக்கும் உனக்காக நின்னுக்கினு இருக்கேன்."