தரையிலிருந்து ஒரு சாண்

அக்காவின் பாதம் அவன் கைக்குள் இருக்கிறது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெளியே அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், சின்னப்பிள்ளை பயந்துவிடும் என்று அவனை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள், சங்குச் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்கிறது, அக்கா இன்னும் கொஞ்சம் எழும்புகிறாள், விட்டால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவாள், ஆறு வயதுச் சேர்மராஜ் விடவில்லை, நாற்பது வயதிலும் விடவில்லை, சாலிக்கிராமத்து மாடி அறையொன்றில் டைரக்டர் பார்கவன் முன்னால் சம்மணமிட்டு, வெறுங்காற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி சீன் சொல்லிக்கொண்டிருக்கிறான், பின்னணி இசையையும் வாயாலேயே போட்டாயிற்று, முடித்ததும் பார்கவன் கேட்டார், சரி, அவ ஏன் மிதக்குறா.

இந்த ஏனுக்கு அவன் சொல்லாத பதிலா, முதல் சினிமா கம்பெனியில் காய்ச்சல் மயக்கம் என்று எழுதினான், அடுத்த கம்பெனியில் அம்மன் வந்து இறங்கினாள், இன்னொருவர் கேட்டுக்கொண்டதற்காக அக்காவையே பேயாக்கினான், ஆறுமுகநேரியில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறவளை, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் எழுதினான், எழுதி எழுதிக் கடைசியில் கண்ணை மூடினால் எல்லா வெர்ஷனும் ஒன்றாக ஓடுகிறது, ஒன்றில் மழை பெய்கிறது, ஒன்றில் அக்கா பச்சைத் தாவணியில் இருக்கிறாள், ஒன்றில் அவனே அந்த வீட்டில் இல்லை, நடந்தது எது எழுதியது எது என்று பிரிக்கத் தெரியாமல் தன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான், வீடு, வேலை, கல்யாணம் எதிலும் நிலைக்காத ஆள், நடப்பது மட்டும் நன்றாக வரும்.

பார்கவன் நல்ல மனிதர், கோபப்படவில்லை, கனவுன்னு வச்சுடுங்க, அவ முழிச்சுக்குற மாதிரி ஒரு ஷாட், நாளைக்கே புரொடியூசரப் பாத்துடலாம் என்றார். முதல் படம், ஒரே ஒரு ஷாட், தலை தானாக ஆடப் பார்த்தது, ஆனால் அது கனவென்றால் அக்காவைப் பிடித்துவைத்ததும் கனவாகிவிடுமே, பிறந்ததிலிருந்து அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான், பயந்துபோய் மாடிப்படிக்கு வந்து, இத்தனை வருடம் கேட்காததை ஃபோனில் கேட்டான், யக்கா, அம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப நீ மேல எழும்புனியே, நெசந்தானே.

மிஷின் சத்தம் நின்றது. நான் எங்கல எழும்புனேன், நீதான் எழும்புன, நாந்தான் ஒங் காலப் பிடிச்சிக்கிட்டு நின்னேன் என்றாள் அக்கா, கரண்ட் வந்துவிட்டதைச் சொல்வது போல. அம்மா பின்னாலயே போயிருவியோன்னு பயம், அதாம்ல நான் பள்ளிக்கூடத்துக்கும் போகல, ஒருத்தனுக்கு வாக்கப்பட்டும் போகல என்றாள், பிறகு, சாப்ட்டியா என்று கேட்டாள்.

என்ன பதில் சொன்னானோ, திரும்ப அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தான், கனவுதானே, எழுதிக்கவா என்றார் பார்கவன். இல்ல சார், அக்கா மிதக்கல, பையன்தான் மிதக்குறான். அவன் ஏன் மிதக்குறான். காரணம் இல்ல சார், அக்கா அவன் கால விடல, அவ்வளவுதான். பார்கவன் பேனாவை மூடிவைத்தார், படம் கைவிட்டுப் போயிற்று என்று தெரிந்தது, வழக்கம்போல விருட்டென்று எழுந்து நடக்கப் பார்த்தான், முடியவில்லை, சின்னப் பெண்ணொருத்தியின் இரண்டு கைகள் கணுக்காலை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தன.