வியாழக்கிழமை முறை

பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எந்த அம்மாவுக்கும் சொந்தப் பேர் கிடையாது. கிளி அம்மா, ரெட்டைப்பிள்ளை அம்மா, கண்ணாடிக்காரன் அம்மா என்று பிள்ளையை வைத்துத்தான் அடையாளம். ஒரே ஒருத்தி மட்டும் இதற்கு விலக்கு. தபால் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பவள் என்பதால் பொம்மியின் அம்மாவை எல்லோரும் தபாலம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். எழுத்து வேலை கைவந்தவள் என்று பெற்றோர் குழுவின் செயலாளர் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

செயலாளர் என்றால் பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை. மாதம் ஒரு கூட்டம், அதற்கு ஒரு குறிப்பு. அப்புறம் மதிய முறைப் பட்டியல். ஐந்து வகுப்பே உள்ள சின்னப் பள்ளிக்கூடம் அது. சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளைக் கவனிக்கத் தனியாக ஆள் கிடையாது. பெற்றோர்தான் நாளொன்றுக்கு இரண்டு பேராக முறை வைத்து வருவார்கள். கை கழுவ வைப்பது, வரிசையாக உட்கார வைப்பது, திறக்க வராத டப்பாவைத் திறந்து கொடுப்பது, சாப்பிடாமல் முழிக்கிறவர்களை ஒரு அதட்டு அதட்டுவது. வியாழக்கிழமை கிளி அம்மாவின் முறை. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். எவ்வளவு இறுகிய மூடியானாலும் அவள் கைக்கு ஒரு திருகுதான். பிள்ளைகள் மற்ற பெரியவர்களை விட்டுவிட்டு அவளிடமே டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அவளுடைய மகள் ரெண்டாம் வகுப்பில் பொம்மிக்குப் பக்கத்து இடம். வாய் ஓயாமல் பேசுவதால்தான் அவளுக்குக் கிளி என்று பேர் வந்தது. அரைப்பரீட்சை லீவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் பிள்ளை இல்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது பெரியவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டதுபோல வாயை மூடிக்கொண்டார்கள். "கிளி இனிமே வரமாட்டா," என்று மட்டும் டீச்சர் சொல்லிவிட்டுப் பாடத்தைத் திறந்தாள். பொம்மியை முன்வரிசைக்கு மாற்றினார்கள். தபாலம்மா புதுப் பருவத்துக்கான பட்டியலை எழுதும்போது வியாழக்கிழமைக்கு நேராகக் கிளி அம்மா என்று எழுதப் போய், பேனாவை நிறுத்திவிட்டு, தன் பேரையே எழுதினாள். நொந்துபோயிருக்கிறவளுக்கு நம்மால் ஆன உபகாரம் என்று நினைத்துக்கொண்டாள். மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

முதல் வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கிளி அம்மா வந்து நின்றாள். தலையை அழுந்த வாரியிருந்தாள். மடிப்புக் கலையாத சேலை. கதவில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தாள். மறுபடி மேலிருந்து பார்த்தாள்.

"என் பேரு இல்லையே?"

தபாலம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். "இல்லீங்க... உங்களுக்கு இங்க வந்து நிக்கக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"கஷ்டம் வீட்லயுந்தான் இருக்கு. வீட்டை விட்டுப் போகச் சொன்னா போகுதா?"

உள்ளே நாற்பது பிள்ளைகளின் இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தலையாக வாசல் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் 'உள்ளே வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத் தபாலம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. பத்து வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு வருகிற பதில்தான் அவள் வாயிலும் வந்தது.

"பெரிய டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே."

கிளி அம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். கேட்டு வரைக்கும் நேராகப் போனவள், கேட்டின் தாழ்ப்பாளைப் போடத் தெரியாதவள்போல ரொம்ப நேரம் அதோடு போராடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பொம்மி சாப்பாட்டைத் தொடவில்லை. "கிளி அம்மாவை ஏம்மா அனுப்பிட்ட?" என்று மட்டும் கேட்டாள். தபாலம்மா டப்பாவை மூடிப் பையில் வைத்தாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் விஷயம் வந்தது. எடுத்தவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷர்தான். அவருடைய பையனும் ரெண்டாம் வகுப்பு.

"யாரும் தப்பா நினைக்கக்கூடாது," என்று ஆரம்பித்தார். "என் பையன் லீவு முடிஞ்சதுலேர்ந்து தனியா படுக்கமாட்டேங்கிறான். லேசா உடம்பு சுட்டாலே செத்துருவேனான்னு கேக்கறான். மறக்கட்டும்னு நாங்க பாடாப் படறோம். இந்த நேரத்துல அந்தம்மா வந்து நின்னா, பிள்ளைங்க மனசு என்னாகும்? ஆறு மாசம் போகட்டுமே."

சிலர் தலையாட்டினார்கள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது அவள் முடிவெடுக்க முடியாதபோது செய்கிற வேலை. தபாலம்மா குறிப்பேட்டில், 'ஆறு மாதம் கழித்துப் பரிசீலிக்கலாம்' என்று பாதி எழுதிவிட்டாள். எழுதிய கை அப்படியே நின்றது.

"ஒண்ணு சொல்லணும்," என்று எழுந்தாள். "அந்தம்மா பேரை எடுக்கச் சொல்லி யாரும் எங்கிட்ட சொல்லலை. நானாத்தான் எடுத்தேன். அவங்க நல்லதுக்குன்னு சொல்லிக்கிட்டேன். உண்மையைச் சொன்னா, அவங்க முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பயம். அவங்களைப் பார்த்தா என் பொண்ணு ஞாபகம் வருது. நம்ம பயத்தைப் பிள்ளைங்க தலையில ஏத்தி வெச்சுட்டு, அதுங்க பயப்படுதுன்னு சொல்றோமோன்னு தோணுது."

"என் பையன் பயம் நிஜம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். கோபமாக இல்லை, கெஞ்சலாக.

"நிஜந்தாங்க. என் பொண்ணும் சரியா சாப்பிட்டுப் பல நாளாச்சு. ஆனா பேசாம இருந்து என்ன ஆச்சு? அவன் மறந்தானா?"

அவர் மெதுவாக இல்லையென்று தலையசைத்தார். கடைசியில் பெரிய டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வரட்டும். அன்னிக்கு நானும் கூடத்துல இருக்கேன். ஆனா தபாலம்மா, நீங்கதான் அனுப்பினீங்க. நீங்கதான் போய்க் கூப்பிடணும்."

சலவைக்கடை கடைத்தெருவின் மூலையில் இருந்தது. உள்ளே நுழைந்ததுமே சூடான துணியின் வாசனை. கிளி அம்மா ஒரு வெள்ளைச் சட்டையைப் பலகையில் விரித்துப் போட்டுக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தபாலம்மா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை இஸ்திரிப் பெட்டி நிற்கவே இல்லை.

"போன்னா போகணும், வான்னா வரணுமா?" என்றாள். "என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க எல்லாரும்?"

"தப்பு என்னுதுதாங்க."

"தெருவுல எதிரே வந்தா அந்தப் பக்கம் போயிடறாங்க. கடைக்குத் துணி போட வர்றவங்ககூட மூட்டையை வெச்சுட்டு ஓடறாங்க. எம்பொண்ணுக்கு வந்தது காய்ச்சல். எனக்கு ஒண்ணும் இல்லையே, ஒட்டிக்கறதுக்கு?"

தபாலம்மா தலை குனிந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்தம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே தடுக்கி நின்றுவிட்டாள். 'கிளி...' என்று பாதியில் விழுங்கியதைக் கிளி அம்மா கவனித்துவிட்டாள். அப்போதுதான் இஸ்திரிப் பெட்டி நின்றது.

"கிளி அம்மான்னே கூப்பிடுங்க," என்றாள். "இத்தனை வருஷமா அதுதான் எம்பேரு. அதையும் எடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் வரவும் இல்லை. அதற்கு அடுத்த வியாழக்கிழமை வந்தாள்.

அவள் உள்ளே காலடி வைத்ததும் கூடமே கப்சிப்பென்று ஆனது. பெரிய டீச்சர் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நடந்தது எதுவும் தெரியாத சின்னது, எழுந்து வந்து டப்பாவை நீட்டியது. "தொறக்க வரல." கிளி அம்மா வாங்கி ஒரு திருகு திருகிக் கொடுத்தாள். பின்னாலேயே இன்னொன்று வந்தது. அப்புறம் வரிசையே கட்டிவிட்டார்கள். நன்றாகத் திறக்கிற டப்பாவைக்கூட இறுக்கி மூடிக்கொண்டு வந்ததைத் தபாலம்மா பார்த்தாள். பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் பையன் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். "எனக்குக் காய்ச்சல் வந்தா நானும் செத்துருவேனா?"

பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். கிளி அம்மா அவன் உயரத்துக்குக் குனிந்தாள்.

"உனக்கு இதுவரைக்கும் எத்தனை தரம் காய்ச்சல் வந்திருக்கு?"

அவன் யோசித்தான். "நிறைய."

"எல்லாம் போயிடுச்சுல்ல? எல்லாருக்கும் வரும், போயிடும். கிளிக்கு வந்தது வேற மாதிரிக் காய்ச்சல். ரொம்ப அபூர்வமா வர்றது. டாக்டருங்க எவ்வளவோ பார்த்தாங்க, முடியலை. போய்ச் சாப்பிடு."

அவன் போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.

பொம்மி கடைசியாக வந்தாள். கையில் டப்பா இல்லை. அம்மா அங்கே நிற்பதையே மறந்தவள்போல நேராகக் கிளி அம்மாவிடம் போனாள்.

"நான்தான் சொன்னேன்."

"என்னடா கண்ணு சொன்ன?"

"லீவு விட்ட அன்னிக்கு. கிளி என் பச்சைப் பென்சிலை எடுத்துட்டான்னு சண்டை. நீ இனிமே பள்ளிக்கூடத்துக்கு வரவே வராதன்னு சொன்னேன். அதான் அவ..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

தபாலம்மா மகளை நோக்கி ஓரடி வைத்து நின்றுவிட்டாள். இத்தனை நாளாகப் பிள்ளை இதையா சுமந்துகொண்டிருந்தாள்!

கிளி அம்மா பொம்மியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "இங்க பாரு. கிளி எதையாவது மனசுக்குள்ள வெச்சுக்குவாளா? காலையில கண்ட காக்காய்லேர்ந்து எல்லாத்தையும் எங்கிட்ட ஒப்பிப்பா இல்ல? இந்தச் சண்டையைப் பத்தி அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லலைன்னா என்ன அர்த்தம்? வீட்டுக்கு வர்றதுக்குள்ள மறந்துட்டா. நீ சொன்னதால ஒண்ணும் ஆகலை. காய்ச்சலாலதான். புரியுதா?"

பொம்மி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். லீவுக்குப் பிறகு அவள் அழுவதைத் தபாலம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மணி அடித்து வகுப்புகள் தொடங்கியபின் கூடத்தைப் பெருக்கினார்கள். கிளி அம்மாவைக் காணோம். பின்பக்கம் கை கழுவும் குழாயடியில், தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையைக்கூட நீட்டாமல் நின்றிருந்தாள். தபாலம்மா குழாயை மூடினாள்.

"சொன்னா," என்றாள் கிளி அம்மா.

"என்னது?"

"அன்னிக்கே சொன்னா. சாயங்காலம் வந்து ஒரே அழுகை. காய்ச்சல்லயும் அதான். பொம்மி என்னை வரவேண்டாம்னுட்டா, பள்ளிக்கூடம் தொறந்ததும் பென்சிலைக் கொடுத்துடறேன், கொடுத்துடறேன்னு." அவள் குரல் உடையவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "அவ பையிலதான் இருக்கு. கொண்டாந்து கொடுக்கலாமான்னு பல தரம் யோசிச்சேன். நல்லவேளை எடுத்துட்டு வரலை."

தபாலம்மா அவள் கையைப் பிடித்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன கை.

"பொம்மி பெரியவளானப்புறங்கூட அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் கிளி அம்மா.

"சொல்லமாட்டேன்."

வருஷக் கடைசி வரைக்கும் கிளி அம்மா வியாழக்கிழமைகளில் வந்தாள். முடியாத நாளும் இருந்தது. அன்றைக்குச் சலவைக்கடை முதலாளியிடமிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் வரும், மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு அவளுடைய முறைக்குத் தானே வந்து நிற்பார். யாரும் அவரிடம் கேட்டதில்லை. மூடி திறக்க மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பொம்மி அழுத அந்த வியாழக்கிழமை சாயங்காலம் தபாலம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தெருமுனை திரும்பியதும் பொம்மி, "அம்மா, கிளி ஒரு தடவை டீச்சர் மாதிரியே தும்மிக் காட்டினா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். தும்மலில் தொடங்கி, கிளி சொன்ன பொய், கிளி கண்ட கனவு, கிளி வைத்த பட்டப்பெயர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கிளியின் குரலிலேயே சொன்னாள், கிளியைப்போலவே மூச்சு விடாமல் சொன்னாள். தபாலம்மா நடையைத் தளர்த்திக்கொண்டு, வீடு வந்தும் கதவைத் திறக்காமல், படியிலேயே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றாள்.