வாய் வரைக்கும் பெட்ரோல்

திருமலைசாமியின் கார் நுழைந்தாலே சோமனூர் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு டேங்க் நிறைந்ததும் பம்ப் டக்கென்று தானாக நிற்கும், அதோடு கிளம்பிவிடுவார்கள். இந்தத் தறிப்பட்டறைக்காரருக்கு வேலையே அதற்குப் பிறகுதான். காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவார். உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வேண்டுமாம். பிறகு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, பெட்ரோல் வாயில் வந்து தளும்பினால்தான் ஆளை விடுவார்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டப்பகலில் அவர் மனைவி கோமளா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில் இதே கார் பெட்ரோல் இல்லாமல் நின்றது. பெட்ரோல் குறைந்ததைக் காட்டும் விளக்கு முதல் நாளே எரிந்தும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். வேறு வண்டி பிடித்துப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பின் சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்த மகள் லாஸ்யாவும் அவரும் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது லாஸ்யாவுக்கு ஏழாம் மாதம். சீமந்தம் முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவரக் கோபிசெட்டிபாளையம் போனார். அவளை ஏற்றிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள், காருக்குள் அடித்த பெட்ரோல் வாடை தாங்காமல் லாஸ்யா வாந்தி எடுத்து ஓய்ந்துபோனாள். திருப்பிக் கொண்டுபோய் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

லாஸ்யாவின் மாமியார் ரங்கநாயகி நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். "வண்டியச் செரி பண்ணிப்போட்டு வாங்க சம்பந்தி. டாக்ஸில கூட்டீட்டுப் போயிரலாமுங்க, ஆனா ராத்திரி வலி எடுத்தா இந்த வண்டியத்தானுங்களே நம்போணும்? அங்க பொம்பளத் தொணையும் இல்லீங்க."

கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. மகளுக்கென்று அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சமைத்துப்போடச் செவ்வந்தி என்கிற பெண்ணையும் பேசி வைத்திருந்த மனிதர் அவர்.

கோயமுத்தூர் உக்கடத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் கலீல் ரஹ்மான் முதலில் டேங்க் மூடியின் ரப்பர் போய்விட்டது என்று மாற்றினார். வாடை போய், மறுபடி வந்தது. அடுத்த முறை குழாய்களுக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார். ஒரு டியூபின் விரிசலில் புகை கசிந்தது. அதையும் மாற்றியாயிற்று. சந்தோஷமாகத் திரும்பிய திருமலைசாமி நேரே பங்க்குக்குப் போய் வழக்கம்போல நிரப்பினார். மறுநாள் காலையில் கார்க் கதவைத் திறந்தால் அதே நாற்றம். அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது முறை கலீல், டேங்க்கில் எழும்புகிற ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பாவைக் கழற்றிக் குலுக்கினார். பெட்ரோல் சொட்டியது.

"ஏனுங்ணா, இதுக்குள்ள ஆவி மட்டுந்தான் வரோணும். இங்க கரியே பெட்ரோல்ல ஊறிக் கெடக்குது. பங்க்ல எப்புடி அடிக்கறீங்க?"

"வாய் வரைக்குமுங்க."

கலீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "இத நான் மொதல்லயே கேட்டிருக்கோணும். புது டப்பா போட்டுத் தாரேன். பம்ப் தானா நின்னா அதோட உட்ருங்ணா. மேல ஒரு சொட்டு வேண்டாம், அது இந்த டப்பாவுக்குள்ள வந்துரும்."

அன்று மாலை போனில் மகளிடம் சிரித்தபடி சொல்லிப் பார்த்தார். "நாந்தானாமா அம்மணி காரணம். ரொப்பி ரொப்பிக் கெடுத்துப்போட்டேன்." லாஸ்யா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். அதை விட்டால் எட்டாம் மாதம், அதில் கூட்டிப்போகிற வழக்கமில்லை. ஒன்பதில் இவ்வளவு தூரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காருக்குள் துளி வாடை இல்லை. பங்க்கில் பம்ப் நின்றதும் "போதுமுங்க" என்றார். "ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அவிநாசி தாண்டும்போது பெட்ரோல் முள் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. இந்தப் பெட்ரோலுக்குக் கோபிக்குப் பலமுறை போய்வரலாம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் திரும்பும்போது பின் சீட்டில் லாஸ்யா இருப்பாள். வேண்டாம், வேண்டாம் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்க, குன்னத்தூர் பங்க்குக்குள் கை வண்டியைத் திருப்பிவிட்டது. குழாயை வைத்ததுமே பம்ப் நின்றது. "நெறஞ்சிருச்சுங்க" என்றாள் அங்கே இருந்த பெண். "இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு, இறங்கி அவரே காரைப் பிடித்து ஆட்டினார்.

கோபியில் லாஸ்யா பூ வைத்து, பையோடு தயாராக நின்றாள். பின் கதவைத் திறந்தவள் அப்படியே மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாசல்படியில் நின்று ரங்கநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழியில அடிச்சீங்களா நைனா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

லாஸ்யா கிட்டே வந்து, மாமியாருக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "அன்னைக்கு அம்மா போனது வண்டி நின்னதால இல்லீங்க நைனா. நிக்கறதுக்கு முன்னாலயே அம்மா போயிட்டாங்க. என்ற மடியிலதான். நீங்க ரோட்டுல நின்னு வார வண்டியெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுட்டு இருந்தீங்க. அப்ப எப்புடிச் சொல்லுவேன்?"

திருமலைசாமி மகளின் முகத்தையே பார்த்தார். நிஜமாகவா, இல்லை அப்பாவின் மனசு ஆறட்டும் என்று சொல்கிறாளா? கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

லாஸ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உள்ளே ஏறி உட்காரத்தான் பார்த்தாள். ஒரு காலை வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. ரங்கநாயகி ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள்.

"உடுங்க சம்பந்தி. புள்ள இங்கயே இருக்கட்டும்."

"செரிங்க" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? பையை எடுத்துப் படியில் வைத்துவிட்டு, "போய்ட்டு வாரேன் கண்ணு" என்று கிளம்பினார்.

குன்னத்தூர் போயிற்று, அவிநாசியும் போயிற்று. முள் ஃபுல்லை விட்டு அசையவே இல்லை. கண்ணாடியில் காலியான பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.