ஒருமுறை மட்டும் வரும் சொல்

அகன்ற ஆறொன்று ஊரை இரு கூறாய்ப் பகுத்து ஓட, அதன் இரு கரையிலும் வீடுகள் படிப்படியாய் மேலேறி நிற்க, காலைப் பனி விலகி இளவெயில் தெருக்களில் மெல்ல இறங்கிய வேளையிலே, நூலகத்து மாடியறையின் சாளரங்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. துறையில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று உரசும் ஓசையும், தெருமுனை அடுமனையிலிருந்து எழுந்த சூடான மணமும் அவ்வறைக்குள் ஒருங்கே புகுந்தன. நீள்மேசையைச் சுற்றி நாற்காலிகள் காத்திருந்தன.

வாரந்தோறும் அங்குக் கூடிய சிறு குழுவினர், பன்னெடுங்காலத்துக்கு முன் பாடப்பட்ட கிரேக்கப் பெருங்காப்பியமொன்றை அதன் சொந்த மொழியிலேயே படித்து வந்தனர். கப்பல், ஈட்டி, கடல், சினம், நெஞ்சு, சாவு என அக்காப்பியத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை, உள்ளங்கையளவு அட்டைகளில் ஒருபுறம் சொல்லும் மறுபுறம் பொருளுமாய் எழுதிப் புரட்டிப் புரட்டி நெஞ்சில் பதிப்பது அவர்கள் வழக்கம். நூல் முழுவதிலும் ஒரேயொரு முறை தலைகாட்டி மறையும் சொற்களோ எண்ணிலடங்கா. அவற்றை எவரும் மனப்பாடம் செய்வதில்லை. அத்தகைய சொல் எதிர்ப்பட்டால், படிப்பவர் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, எழுந்து சென்று, மூலையிலிருந்த பேரகராதியைத் திறக்க வேண்டும். அவ்வறைக்கு இருந்த சட்டம் அது ஒன்றே.

அச்சட்டத்துக்கு அடங்காதவர் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி செய்து விற்கும் அவர், குழுவில் மூத்தவர். அறியாத சொல்லையும் துண்டு துண்டாய்ப் பிரித்து, இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்து, பிறர் எழுவதற்குள் பொருள் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடும். அதனால் அவருக்கு 'அகராதி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. குழுவைக் கூட்டி நடத்திய நூலகத்துப் பெண்மணி அப்பெயரைச் சொல்லும்போது, அகராதி பிடித்தவர் என்ற குத்தலும் அதில் சற்றே கலந்திருக்கும். அவர் செவியிலோ புகழ் மட்டுமே விழுந்தது.

ஆற்றில் படகு செலுத்தி ஊரார் பாதிப் பேரைக் கரைசேர்த்த ஒருவர் நோயில் மாண்டபோது, அடுமனை நடத்தும் அவர் மனைவி கண்ணாடிக் கடைக்கு வந்து, கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே பொறிக்க, கப்பலும் கடலும் நிறைந்த அக்காப்பியத்திலிருந்து அவருக்கேற்ற ஒரு சொல் வேண்டுமென்று கேட்டாள். நாளை சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். பேரகராதி அடுத்த தெருவில்தான் இருந்தது. ஆயினும் கண்ணீரோடு ஒருத்தி அண்ணாந்து பார்க்கையில் தெரியாது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. 'கரை' என்பதும் 'எடுத்தல்' என்பதும் இணைந்த ஒரு சொல் எங்கோ கண்ணில் பட்டது நினைவுக்கு வர, கரைசேர்ப்பவன் என்று அதற்குப் பொருள் என அடித்துச் சொல்லி, எழுத்துகளையும் வரைந்து கொடுத்தார். கல்தச்சன் அவ்வடிவங்களைப் பார்த்துப் பார்த்துக் கொத்தினான்.

அவள் அத்துடன் நிற்கவில்லை. அச்சொல்லை அது வாழும் இடத்திலேயே படிக்கவேண்டுமென்று குழுவில் சேர்ந்தாள். மாவு பிசையும் பலகைக்கு மேலே அட்டைகளைச் செருகி வைத்து, கை மாவிலும் கண் சொல்லிலுமாய்ப் பாடுபட்டுக் கற்றாள். காப்பியமும் மெல்ல மெல்ல அவ்விடத்தை நெருங்கியது.

ஒருநாள் அவள் வருமுன்னே வந்திருந்த கண்ணாடிக்காரர், பெருமையோடுதான் அப்பகுதியைப் புரட்டினார். முன்பின் அடிகளோடு சேர்த்துப் படித்தபோது ஏதோ இடறியது. வாழ்நாளில் முதன்முறையாகப் பேரகராதியைத் தாமே திறந்தார். கரையில் ஒதுங்கிய பிணங்களின் உடைமையைப் பறிப்பவன் என்றிருந்தது. படிக்கட்டில் அவளது காலடி கேட்டதும், திருட்டில் அகப்பட்டவர் போல் நூலை மூடினார்.

அன்று தொடங்கி அவர் அடுமனை இருந்த தெருவை விட்டுச் சுற்றுவழியே நடந்தார். சொல்லிவிடலாம் என்று கிளம்புவார். பாதியில் கால் பின்வாங்கும். அப்பிழை அவரைச் சுட்டது மெய். அதைவிட, தாம் பிழை செய்தவர் என்று பிறர் அறிவரே என்ற எண்ணமே மிகுதியாய்ச் சுட்டது. அதை உணர்ந்தபோது தம்மையே அவர் வெறுத்தார். ஈற்றில் ஒரு சூழ்ச்சியும் செய்தார்.

"அடுத்த பகுதி அவ்வளவு நல்லா இருக்காதும்மா," என்றார் குழுவின் முன்னே. "தாண்டிப் போயிடலாமே."

"என்னண்ணா இப்படிச் சொல்றீங்க?" என்றாள் அவள். "அந்தப் பகுதிக்காகத்தானே நான் வந்தேன். அன்னைக்கு நான்தான் படிப்பேன்."

அந்நாளும் வந்தது. அவள் புத்தாடை உடுத்தி, விரலிடுக்கில் இன்னும் மாவு ஒட்டியிருக்க, தடுமாறாது படித்தாள்; கடலும் புயலும் உடைந்த கப்பலும் அவள் குரலில் ஒவ்வொன்றாய் எழுந்தன. அச்சொல்லில் வந்து நின்று, முகம் மலர்ந்தாள்.

"இது ஒரே ஒரு தடவைதான் வருது. எழுந்து பாக்கணும்," என்று நினைவூட்டினாள் நூலகத்துப் பெண்மணி.

"இதுக்கு எதுக்கு அது? நம்ம அகராதிதான் பக்கத்திலயே உக்காந்திருக்காரே. நீங்களே சொல்லுங்கண்ணா."

அவள் கண்ணில் இருந்த நம்பிக்கையை எதிர்கொள்ள மாட்டாது, அவர் மேசையைப் பார்த்தார். மென்று விழுங்க இனி இடமில்லை.

"தெரியலம்மா," என்றார். "அன்னைக்கும் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அவள் எழுந்து, மூலைக்குச் சென்று, பேரகராதியைப் புரட்டினாள். கற்றவளாதலின் இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. வெளியே படகுகள் உரசிக்கொண்டிருந்தன. ஒருமுறை படித்தாள், மீண்டும் படித்தாள், பின்பு திரும்பாமலே பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தக் கல்லைக் கையால தடவிப் படிச்சிட்டு வந்தேன்."

"மன்னிச்சிடுங்கம்மா. இந்த ஊர்ல வேற யாருக்கும் அது புரியாது. நானே செலவு பண்ணி மாத்தித் தரேன்."

"எனக்குப் புரியுமேண்ணா," என்றாள் அவள். "படிக்கத்தான் கத்துக்கிட்டேனே."

அச்சொல் அவரைக் கூனிக் குறுகச் செய்தது. அவள் அட்டைக்கட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பிறர் எவரும் அவரை ஒரு சொல்லும் கடிந்திலர். நூலகத்துப் பெண்மணியும் அன்று அவரை அகராதி என்று அழைக்கவில்லை.

கல்தச்சன் அச்சொல்லைச் செதுக்கி எடுத்தபோது, பெயருக்குக் கீழே ஒரு பள்ளம் நின்றது. அவ்விடத்தில் வேறென்ன பொறிக்க என்று அவன் கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம் என்றாள் அவள். பல வாரம் சென்றபின், ஒரு காலையில் மாடியறைக்குத் திரும்பி வந்து, தன் அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முன்னிருந்த இடத்தில் அமராது எதிர்ப்புறத்தில் அமர்ந்தாள். அவரை அண்ணா என்று அவள் பின்னர் அழைத்ததேயில்லை.

கற்றோரே, அறியாமை எவர்க்கும் இழுக்கன்று. அறியாததை அறிந்ததாய் ஒரு துயருற்ற நெஞ்சின் கையில் கொடுப்பதே இழுக்கு. ஒருமுறை மட்டும் வரும் சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அம்முதியவர் இன்று தெரியவில்லை என்று உரக்கச் சொல்லி, முழங்கால் நோக எழுந்து, அவள் நாற்காலியைக் கடந்து பேரகராதியிடம் செல்கிறார். அவர் கடந்து செல்ல, அவள் தன் நாற்காலியைச் சற்றே முன்னால் இழுத்துக்கொள்கிறாள், தலை நிமிர்வதில்லை.