ஆதன் திரும்பிப் போகமாட்டான்

1

இந்தக் கதையை நான் கோபத்தில் தொடங்குகிறேன். என் பன்னிரண்டாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை இத்ரூஸ் நானா திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று சொற்கள்: "ஆளைத் திருப்பி அனுப்பவும்."

ஆள் என்பது ஆதன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், மன்னார்ப் பக்கத்து மாதோட்டத் துறைமுகத்தில் முத்து விற்றவன். 1996இல் மாத்தளைக்கு வந்து சேர்கிறான். அலுவிகாரையில் தனியாக வீடு வைத்திருக்கும் ஞானாம்பிகை என்ற தட்டெழுத்தாளரைக் காதலிக்கிறான். நான் மார்ஜரி. நானும் அலுவிகாரையில் தனியாக வீடு வைத்திருக்கும் தட்டெழுத்தாளர்தான். ஒற்றுமையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நீங்கள் மகிழ வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். இத்ரூஸ் நானா (முஸ்லிம்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்) அச்சகம் வைத்திருப்பவர், என் நாவல்களைப் போடுபவர். இது 2003ஆம் ஆண்டு.

என் நாவல்களை நீங்கள் படித்திருப்பீர்கள், ஒத்துக்கொள்ளத்தான் வெட்கப்படுவீர்கள். பஸ் நிலையத்தில் இஞ்சி டொஃபிக்கும் லொத்தர் சீட்டுக்கும் நடுவில் தொங்கும். அட்டையில் ஒரு பெண், பின்னால் ஒரு குதிரை. பெண் மாறுவாள்; குதிரை மாறாது, நானாவிடம் இருப்பது ஒரே குதிரைப் படம். பதினொரு நாவல்களில் பதினொரு பெண்கள், காலம் கடந்து வந்த கிரேக்க வீரனையும் எகிப்தியச் சிற்பியையும் சோழநாட்டுப் படகோட்டியையும் காதலித்தார்கள். எழுதிய நான் கண்டிக்கு அப்பால் போனதில்லை. (ஒரு தடவை கொழும்புக்குப் போனேன், பல் பிடுங்க. அதைப் பயணம் என்று சொல்லக்கூடாது.)

இந்த வகை நாவலுக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசியில் அவரவர் அவரவர் காலத்துக்குப் போய்விட வேண்டும். பெண் இரண்டு பக்கம் அழுவாள். மறுநாள் பஸ்ஸில் அதே முகச்சாயலில் ஒரு வங்கி உத்தியோகத்தர் பக்கத்தில் வந்து உட்காருவார். முற்றும். பதினொரு ஆண்களை நான் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை.

பன்னிரண்டாமவனை அனுப்பமாட்டேன்.

2

தொடக்கங்களைக் காட்டுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலாவது: "பிளந்து நின்ற பாறைகளுக்கு நடுவே நீல ஒளி ஒன்று எழுந்து—" வேண்டாம். அலுவிகாரைப் பாறைகளுக்கு நடுவே இருப்பது விகாரை. ஒரு தமிழ்ப் பெண் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் லேசில் விடமாட்டார்கள்.

இரண்டாவது: "அவன் கண்கள் கடலைப்போல—" இதுவும் வேண்டாம். ஞானாம்பிகை எந்தக் கடலைக் கண்டாள்?

மூன்றாவது, நிலைத்தது: "தம்புள்ளையிலிருந்து வந்த பத்தேமுக்கால் பஸ்ஸிலிருந்து ஆதன் இறங்கினான்."

விஞ்ஞான விளக்கம் கிடையாது. இத்ரூஸ் நானா கேட்காமல் விடவில்லை.

"ரெண்டாயிரம் வருசத்த எப்புடி தங்கச்சி பஸ்ஸில கடந்து வார?"

"வவுனியாவுல இருந்து ஒரு ஆள் இங்க வந்து சேர மூணு நாள் ஆச்சு நானா, அந்த யுத்தக் காலத்துல. செக்பொயின்ட்டுக்கு செக்பொயின்ட் எறங்கி ஏறி. மன்னார்ல இருந்து வர்றதுன்னா ரெண்டாயிரம் வருசம் ஆகாதா?"

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

3

ஆதனைப் பற்றி எனக்கே சந்தேகங்கள் இருந்தன. முந்தைய ஆண்களுக்கு வாளும் அகன்ற மார்பும் கொடுத்திருந்தேன். இவன் மெலிந்தவன். பாண் துண்டைப் பருப்புக்குள் முக்கி, விழுந்துவிடுமோ என்று இடது கையை அடியில் ஏந்திக்கொண்டு சாப்பிடுவான். மின்விளக்கைக் கண்டு அவன் வியக்கவில்லை. குழாயைத்தான் திறந்து மூடித் திறந்து பார்த்தான். சட்டையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பான், காலையில் இஸ்திரி போட்டதுபோல எடுத்து மாட்டிக்கொள்வான். அந்த வரிக்குப் பக்கத்தில் நானா எழுதியிருந்தார்: "சட்டையே இல்லாத காலத்து ஆளுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?"

நல்ல கேள்வி. பதில் நாலாம் பகுதியில்.

[ஞானாம்பிகை என்ற பெயருக்கும் எதிர்ப்பு. "இந்தப் பேர வெச்சா டீச்சர்மாரே வாங்க மாட்டாங்க. நிஷாந்தினின்னு போடுங்க" என்றார். போடவில்லை. முப்பத்துநாலு வயது, கையில் மை, காலில் ரப்பர் செருப்பு. அவளை நிஷாந்தினி என்று கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.]

ஒன்பதாம் அத்தியாயத்தில் படிவம் வருகிறது. வீட்டில் தங்கியிருக்கும் எல்லோருடைய விபரத்தையும் எழுதிப் பொலிஸில் கொடுக்க வேண்டும். பெயர், வயது, பிறந்த இடம், வீட்டுக்காரருடன் உறவு, எவ்வளவு காலம் தங்குவார். ஞானாம்பிகை ஆதனையும் கூட்டிக்கொண்டு போகிறாள்.

"வயது இரண்டாயிரத்து முப்பத்தொன்று என்று போட்டிருந்தது. சார்ஜன்ட் தலையாட்டிக்கொண்டே அடுத்த வரிக்கு வந்தார். 'மாதோட்டம் எங்கே?' என்று சிங்களத்தில் கேட்டார். 'மன்னார்ப் பக்கம், சேர்.' பேனையை வைத்துவிட்டு அப்போதுதான் ஆதனை நிமிர்ந்து பார்த்தார். 'யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்' என்றார்."

நானா இந்தப் பக்கம் முழுவதற்கும் குறுக்குக் கோடு போட்டிருந்தார். "காதல் கதையில பொலிஸ் என்னத்துக்கு? சனம் இதெல்லாம் மறக்கத்தானே வாசிக்கிற?"

உண்மைதான். ஆனால் வாசகரே, அந்தப் படிவத்தை நிரப்பாதவர் உங்களில் எத்தனை பேர்? காலம் கடந்து வந்தவனுக்கு நான் மந்திரவாதியையும் பறக்கும் தேரையும் கொடுத்தால் நம்புவீர்கள், ஒரு படிவத்தைக் கொடுத்தால் மட்டும் கசக்கிறதா?

4

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதில் குதிரை கிடையாது.

செல்வரத்தினம் மகேந்திரராஜா யாழ்ப்பாணத்தவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர். 1994இல் மாற்றலாகி வந்து என் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்தார். பாணுக்கு அடியில் கை ஏந்துகிறவர் அவர்தான். தலையணைச் சட்டையும் அவருடையதுதான். யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்காரருக்கு இறைக்காமல் வரும் தண்ணீர் அதிசயமாக இருந்தது. நாங்கள் எப்படிப் பழகினோம் என்பதை எழுதமாட்டேன். நான் நாவல்களில் எழுதிய எந்தக் காதலும் அதைப்போல இல்லை, அதைவிட எல்லாமே சத்தம் கூடியவை.

அவர் சைவம், நான் வேதக்காரி, கத்தோலிக்கம். வஹகோட்டையில் இருக்கும் என் அண்ணன் லோரன்ஸுக்கும் கோவில் பங்குக்காரர்களுக்கும் அவர் முன்னறை வாடகைக்காரர், அவ்வளவுதான். சம்மதம் கேட்க அவருடைய வீட்டுக்குப் போகலாம் என்றால் யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது.

1996இல் படிவம் வந்தது. மெஷினில் ஏற்றி முதல் வரியில் என் பெயரைத் தட்டினேன். இரண்டாவது வரிக்குப் போனேன். "உறவு" என்ற கட்டத்தைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. வாடகைக்காரர் என்று போட்டால் பொய். உண்மையைப் போட்டால், படிவம் கைமாறிக் கைமாறி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் செய்தி வஹகோட்டைக்குப் போய்விடும். நாளைக்கு யோசித்துப் போடலாம் என்று வரி முழுவதையும் வெற்றாக விட்டேன். மறுநாள் கடைசி நாள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குள் ஆறு நாவல் எழுதியிருந்தேன். எகிப்தியச் சிற்பிக்குப் பக்கம் பக்கமாகச் சொல் வந்தது. என் வீட்டில் சாப்பிட்டு என் வீட்டில் தூங்கியவருக்கு ஒரு சொல் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பட்டியலோடு வந்து வீடு வீடாகப் பார்த்தார்கள். என் வீட்டில் ஒரு ஆள் அதிகம். கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, பதியாத ஆள், மூன்று நாளில் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி வெளியே விட்டார்கள். (எந்தப் பொலிஸ் என்று எழுதமாட்டேன். அச்சகம் நானாவுடையது, பொலிஸ் வந்து நின்றால் வெளியேற அதற்கு வாசல் ஒன்றுதான்.)

"நான் போகேல்லை," என்றார் அவர். "ஒபிஸில கடிதம் வாங்கிக் குடுப்பம். பேரைப் பதியலாம். கலியாணத்தையும் எழுதுவம்."

நான் பயந்துபோயிருந்தேன். "இப்ப போய்ட்டு வாங்க ராஜா. நெலம சரியானதும் வரலாம். பிடிவாதம் பிடிக்காதீங்க."

"அவையள் சொன்னதைத்தான் நீரும் சொல்லுறீரா?"

"இல்ல. நான்தான் சொல்றேன்."

பையை நானே அடுக்கினேன். பாதை திறந்திருந்தது வவுனியா வரைக்கும்தான்; அந்த வவுனியா பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். பொலிஸ் சொன்னதற்கு அவர் போகவில்லை, நான் சொன்னதற்குத்தான் போனார். இதை ஏழு வருடமாக எந்தக் காகிதத்திலும் எழுதாமல் இருந்தேன்.

5

போன வருடம் யாழ்ப்பாணப் பாதை திறந்தது. என் வீட்டு வாசலால் போகும் அதே ஏ-ஒன்பது வீதிதான். அவருடைய ஊர் விலாசத்துக்கு எழுதினேன். அவருடைய அம்மா பாலேஸ்வரி பதில் போட்டிருந்தார்.

"பிள்ளை, உமது கடிதம் கிடைத்தது. மகேந்திரன் இங்கே வரவில்லை. பாதை பூட்டினபடியால் உம்மோடைதான் இருக்கிறான் என்று நாங்கள் ஆறு வருசமாய் நிம்மதியாய் இருந்தோம். அவன் கடைசியாய் எழுதின கடிதத்தில் உம்மைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தான். உம்மை மருமகள் என்றுதான் இங்கே எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் எங்கே, பிள்ளை?"

நான் தேடிப் பயந்த சொல்லை அந்த அம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

வவுனியா முகாம்களில் விசாரித்தாயிற்று. செஞ்சிலுவையிலும் கேட்டாயிற்று. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. என் பட்டியலிலேயே இல்லாத பெயர் வேறு எதில் இருக்கப்போகிறது?

6

முடிவுகளுக்கு வருவோம்.

(அ) ஆதன் தன் காலத்துக்குத் திரும்புகிறான். பஸ்ஸில் வங்கி உத்தியோகத்தர். சிவப்பு மை கேட்பது இதைத்தான்.

(ஆ) இருவரும் மாதோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏன் போக வேண்டும்? அவளுக்கு இங்கே வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. இரண்டு பேரும் போய்விட்டால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

(இ) பல வருடம் கழித்து ஒரு காலை, தம்புள்ளை பஸ்ஸிலிருந்து அவன்—

இல்லை. இதை எழுத எனக்கு உரிமை கிடையாது.

மூன்றையும் கிழித்துவிட்டுச் சண்டை போடத் தயாராக அச்சகத்துக்குப் போனேன். "அந்த சார்ஜன்ட் மாதிரியே பேசுறீங்க நானா," என்று வாசலில் வைத்தே சொன்னேன். பிறகு மகேந்திரராஜாவைப் பற்றி முதல்முறையாக ஒரு ஆளிடம் முழுவதும் சொன்னேன்.

இத்ரூஸ் நானா கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"முஸ்லிம்னு சொல்லி எங்கள மன்னார்ல இருந்து தொண்ணூறுல இயக்கக்காரங்க வெரட்டினாங்க. ஊரோட. பதிமூணு வருசம் ஆச்சு. இப்ப யாராச்சும் வந்து, இத்ரூஸ், ஒன்னய ஊருக்குத் திருப்பி அனுப்புறம்னு சொன்னா, இந்த மெசின ஓட ஓட விட்டுட்டுப் போயிருவேன் தங்கச்சி. ஒங்கட ஆதன் எங்கட ஊர்ப் பொடியன். பாவம், அவனாச்சும் போய்ச் சேரட்டுமேன்னுதான் எழுதின."

கடதாசிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிவப்பு மையில் ஒரு மனுசனின் ஆசை இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. பஸ்ஸைப் பற்றி நான் அடித்த பகிடியையும் நினைத்து வெட்கப்பட்டேன். ஆனாலும் மனம் மாறவில்லை.

"நீங்க போக ஆசப்படுறீங்க நானா. அவரப் போகச் சொன்னாங்க. நானும் சொன்னேன். அது வேற, இது வேற."

நானா ஒரு வெற்றுத் தாளை எடுத்து நீட்டினார். "அப்ப ஒண்டு செய்வம். போறானா நிக்கிறானான்னு சொல்லவே வாணாம். கடைசிப் பக்கத்த வெறுமையா விடுவம். வாசிக்கிறவங்க நெனச்சத எழுதிக்கட்டும். இப்ப பெரிய எழுத்தாளர்மார் எல்லாம் அப்புடித்தானே?"

கெட்டிக்காரத்தனமான யோசனைதான். இந்த மாதிரிக் கதைக்கு அதுதான் வழக்கமும்கூட.

"ஒரு தடவ நான் வெறுமையா விட்டிருக்கேன் நானா," என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுதித் தாங்க. நா எழுத்துக் கோக்குறேன்."

7

ஆகவே கடைசி அத்தியாயம் இது. ஆதன் என்ற பெயரை எடுத்துவிட்டேன், ஞானாம்பிகையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆளைத் திருப்பி அனுப்பினால்தான் கதை முடியும் என்று இன்னமும் நினைக்கிற வாசகர், வேறொரு தாளை எடுத்து உங்கள் கையெழுத்திலேயே அனுப்பிக்கொள்ளுங்கள். கீழே மறக்காமல் உங்கள் பெயரையும் போடுங்கள். என் தாளில் அது நடக்காது.

சார்ஜன்ட் கூப்பிட்டனுப்பினார். மார்ஜரி புதிய படிவம் ஒன்றைத் தட்டெழுதி எடுத்துக்கொண்டு போனாள். மேசைமேல் வைத்தாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தார்.

பெயர்: செல்வரத்தினம் மகேந்திரராஜா.

வீட்டுக்காரருடன் உறவு: கணவர்.

எவ்வளவு காலம் தங்குவார் என்ற கட்டத்தில் விரல் நின்றது. அங்கே இருந்ததை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இது என்ன? திகதி போட வேண்டும். எப்போது திரும்பிப் போவார்?" என்று கேட்டார்.

"வாசிச்சீங்கதானே சேர். போகமாட்டார்."