ஒரே ஒரு தடவைதான் கேட்பேன்

"உங்க தலையிலயோ உடம்புலயோ இரும்புச் சாமான் ஏதாவது இருக்காம்மா?" என்று ஆஸ்பத்திரியில் காந்தச் சிகிச்சை இயந்திரத்தை இயக்குகிற பெண் கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் பாருங்கள்! குண்டூசிப் பயத்தால் எட்டு வருடமாகப் படாத பாடு படுகிற தையல்காரம்மாவிடம். அவ்வளவுதான். கொண்டை ஊசி போயிற்று, தோடு போயிற்று. பிறகு காலர், கைமடிப்பு, பாவாடை விளிம்பு என்று தடவித் தடவிப் பார்த்தாள்; முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. இருபது நிமிடச் சிகிச்சைக்கு வந்தவள் கதவருகிலேயே முக்கால் மணி நேரம் நின்றாள். அடுத்த நோயாளி வந்துவிட்டார். முதல் நாள் அப்படியே பாழாயிற்று.

தைத்த துணியில் ஓர் ஊசியை விட்டுவிட்டோமோ, அது ஏதாவது குழந்தையைக் குத்திவிடுமோ? இதுதான் அவளைப் பிடித்த நோய். இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்டால்தானே! குழந்தைத் துணி தைப்பதையே விட்டுவிட்டு, திரைச்சீலை, தலையணை உறை என்று ஒதுங்கிக்கொண்டாள். மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், பிறகு தலைதூக்கும். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகுதான் நிலைமை கைமீறிப் போயிற்று. பேத்திக்கு ஐந்து மாதமாகியும் இவள் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. தன் சட்டையில் எங்காவது ஊசி ஒட்டியிருந்தால்? இரண்டடி தள்ளி நின்று சிரிப்பாள், அவ்வளவுதான். இன்னும் ஏழு வாரத்தில் மகள் கணவனோடு வெளியூருக்குக் குடிபோகிறாள். அதற்குள் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று தவித்துப்போய்தான் இந்த வைத்தியத்துக்குச் சம்மதித்தாள்.

"காந்தத்த வச்சா வைத்தியம் பண்றாங்க?" என்றார் வீட்டுக்காரர். "நம்ம கடையில ஊசி பொறுக்குற காந்தம் இருக்கே, அதையே தலையில கட்டிக்கயேன்."

"உங்க மண்டையில கட்டிப் பாருங்க. உள்ள ஏதாவது இருந்தா ஒட்டும்" என்றாள்.

மறுநாள் டாக்டர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "மூளையில இந்தப் பயம் சுத்திச் சுத்தி வர்ற இடத்தத்தான் காந்தத் துடிப்பு தட்டுது. தட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பயம் கொஞ்சம் முழிச்சிருக்கணும். எப்படிக் கிளப்புறதுன்னு நான் யோசிச்சிட்டிருந்தேன், இந்தப் பொண்ணு ஒரே கேள்வியில கிளப்பிட்டா!" பிறகு முகம் மாறிச் சொன்னார்: "பத்துல நாலு பேருக்கு நல்லாக் குறையுதும்மா. உங்களுக்குக் குறையும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வீட்ல யாரும் 'ஊசி இல்ல'ன்னு சமாதானம் சொல்லக் கூடாது, அது பயத்துக்குத் தீனி போடுற மாதிரி."

அன்றிலிருந்து வழி பிறந்தது. இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பெண் தானே கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவாள். "ஒரே ஒரு தடவைதான் கேப்பேன், ஒரே ஒரு பதில்தான் சொல்லணும்" என்பாள். பிறகு ஒரு குட்டிக் கவுனை மடியில் போடுவாள். "இதுல ஊசி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உதறிப் பாக்கக் கூடாது." பாவி மகள், என்ன நெஞ்சழுத்தம்! தையல்காரம்மாவுக்கு வியர்த்துக் கொட்டும், கை பரபரக்கும். அந்த நேரம் பார்த்துக் கவுனை எடுத்துக்கொண்டு, தலையில் அந்தக் கனமான தொப்பியைக் கவிழ்ப்பாள். டக் டக் டக் என்று மண்டையில் யாரோ சுண்டுவதுபோல் இருக்கும்.

வாரத்துக்கு ஐந்து நாள். மூன்று வாரம் போயும் தலைவலிதான் மிச்சம். "எனக்கு இது கேக்காதுடி" என்று அந்தப் பெண்ணிடமே உடைந்து அழுதாள். "நாளைக்கு வாங்கம்மா" என்றாள் அவள், அழுகையைத் துடைக்கத் தாள் கொடுத்து. ஐந்தாவது வாரம் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது: இன்றைக்குக் கைமடிப்பை உதறவே இல்லை. திரும்பிப் போய் உதறலாமா என்று தெருவிலேயே நின்றாள். பிறகு திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மகள் கிளம்புகிற நாள் வந்தது. வாசலில் வண்டி நின்றது. மகள் குழந்தையோடு வந்து, பழக்கதோஷத்தில், "நான் பாத்துட்டேம்மா, உன் சட்டையில ஊசி..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதடி! இருக்குன்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. குடு இப்படி."

பயம் போய்விடவில்லை. அதோடேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். என்ன கனம், என்ன சூடு!

குழந்தை வீல் என்று அலறியது.

வீட்டுக்காரர் பதறி எழுந்தார். மகள் கை நீட்டினாள். தையல்காரம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. சட்டையைத் தடவிப் பார்க்க விரல்கள் துடித்தன. அவள் குழந்தையை இறக்கவில்லை. தோளோடு சாய்த்து, முதுகை மெல்லத் தட்டினாள்.

"ஊசி குத்தலடி. இவளுக்கு என்னை யாருன்னே தெரியல, அதான் அழுவுறா" என்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "கொஞ்ச நேரம் அழட்டும். வண்டிய நிக்கச் சொல்லு."